கணுக்கால் சுளுக்கு: கை எந்தத் திசையில் போக வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலப் பக்கத்தில் கணுக்கால் சுளுக்குக்கான மேனுவல் தெரபி (மூட்டைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை) பற்றி வந்த கட்டுரையில் பெரும்பாலான செய்திகள் சரியானவை. குறை சொல்ல வேண்டியது அதனுடன் வந்த படத்தைத்தான். சிகிச்சையாளர் ஒரு கையால் கீழ்க்காலை அழுத்திப் பிடித்திருக்கிறார்; மறு கையால் பாதத்தைக் கீழ்நோக்கி, சற்று உள்பக்கமாகத் திருப்பித் தன் பக்கம் இழுக்கிறார். அம்புக்குறியும் முன்னோக்கியே போகிறது. கட்டுரையை முழுதும் படிப்பவர் சிலர். படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்ப்பவர்கள் அதைவிட அதிகம். அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகப் போகிறது.

கணுக்கால் பெரும்பாலும் எப்படிப் பிசகுகிறது? விரல் நுனி கீழே பார்த்திருக்க, பாதம் உள்பக்கம் மடங்கும்போது. அந்த நிலையில் முதலில் இழுபடுவது வெளிக்கணுவின் முன்னால் இருக்கும் தசைநார். கீழ்க்காலின் வெளிப்பக்கம் உள்ள ஃபிபுலா எலும்பின் கீழ்நுனியிலிருந்து, கீழ்க்காலுக்கும் குதிகாலுக்கும் இடையில் இருக்கும் டேலஸ் எலும்பின் கழுத்து (அதன் முன்பக்கக் குறுகிய பகுதி) வரை போகும் சின்னப் பட்டை அது. வெளிப்பக்கம் உள்ள மூன்று நார்களில் இதுதான் வலுக்குறைந்தது. அடி பலமாக இருந்தால் அடுத்து, குதிகால் எலும்புக்குப் போகும் நார் கிழியும். பின்பக்க நார் அரிதாகத்தான் பாதிக்கப்படும். முன்நாரின் முக்கிய வேலை, டேலஸ் முன்பக்கம் நழுவாமல் பிடித்து வைப்பது. அது கிழிந்திருக்கும் நேரத்தில் பாதத்தைக் கீழே வளைத்து, உள்ளே திருப்பி, முன்னோக்கி இழுத்தால், விழுந்தபோது நடந்ததையே மெதுவாகத் திரும்பச் செய்வதாகும். உங்கள் படம் அதைத்தான் காட்டுகிறது.

சரியான திசை இதற்கு நேர் எதிரானது. டேலஸ் ஒரு விசித்திரமான எலும்பு: அதில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை. மேலே கீழ்க்கால் எலும்புகளும் கீழே குதிகால் எலும்பும் எப்படி அசைகின்றனவோ அப்படியே அதுவும் உருண்டு நழுவும். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது டேலஸ் பின்பக்கம் நழுவ வேண்டும். சுளுக்குக்குப் பிறகு வீக்கமும் வலியும் தசை இறுக்கமும் சேர்ந்து அந்த நழுவலைத் தடுத்துவிடுகின்றன. மாடிப்படி இறங்கும்போதும் குத்துக்காலிட்டு உட்காரும்போதும் மூட்டின் முன்பக்கம் ஏதோ முட்டுவதுபோல் இருப்பது இதனால்தான். கைச்சிகிச்சையின் வேலை டேலஸைப் பின்னோக்கி மெல்லத் தள்ளி அந்த நழுவலை மீட்பது. இப்படித் தள்ளும்போது கிழிந்த முன்நார் தளர்கிறது, இழுபடுவதில்லை. பின்னோக்கிய அசைவை முதல் வாரத்திலேயே செய்ய முடிவது இதனால்தான்.

கை வைக்கும் முன் எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி 1992-இல் வெளியான விதிகள் இன்றும் இதற்குப் போதுமானவை. வெளிக்கணு, உட்கணு இரண்டின் பின்விளிம்பையும் நுனியையும், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரலுக்கு நேரே பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்கம் உட்கணுவுக்கு முன்னால் இருக்கும் நேவிகுலர் எலும்பையும் அதேபோல் அழுத்துங்கள். இவற்றில் எந்த எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும், பரிசோதிக்கும் நேரத்திலும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். சதையில் வலிப்பது வேறு, எலும்பில் வலிப்பது வேறு; அழுத்தும் விரல் எலும்பின் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுபிள்ளைகளுக்கும், பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும், போதையில் இருப்பவர்களுக்கும் இந்த விதியை மட்டும் நம்பக் கூடாது.

இதோடு இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. முதலாவது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் ஃபிபுலாவின் மேல்பகுதி. கணுக்காலில் திருகிய விசை மேலே ஏறி அங்கே எலும்பை உடைத்திருக்கலாம். கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியாது. இரண்டாவது, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் கணுக்காலுக்குச் சற்று மேலே சேர்த்துக் கட்டும் நார். கீழ்க்காலின் நடுப்பகுதியை இரு கைகளாலும் பக்கவாட்டில் நெருக்கும்போது கணுக்காலுக்கு மேலே வலித்தாலோ, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது அங்கே வலித்தாலோ, இது சாதாரணச் சுளுக்கு அல்ல என்று சந்தேகிக்க வேண்டும். டேலஸின் மேற்பகுதி முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான பகுதி ஆப்புபோல் உள்ளே நுழைந்து இரண்டு எலும்புகளையும் விலக்கும். ஆகவே கீழே சொல்லப்போகும் உத்திகள் எதுவும் இந்தக் காயத்துக்கு ஆகாது. தேறவும் அதிக நாள் பிடிக்கும்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் காலை உயர்த்தி வைப்பது, மீள்தன்மையுள்ள கட்டு, தாங்கும் அளவுக்கு மட்டும் பாரம், வலி தாங்காவிட்டால் சற்று நேரம் ஐஸ். இவை போதும். கிழிந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தித் தேய்ப்பதும் சூடு கொடுப்பதும் இந்த நாட்களில் ரத்தக்கசிவையும் வீக்கத்தையும் கூட்டவே செய்யும். வீக்கத்துக்குக் கை வைக்க வேண்டுமானால் விரல்பக்கத்திலிருந்து முழங்கால் நோக்கி, தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு லேசாக நீவலாம். கிழிந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டும், அதன்மேல் நிற்கக் கூடாது. நாலைந்து நாளில் கருநீலம் குதிகாலுக்கும் விரல்களுக்கும் இறங்கி வந்தால் பயப்பட வேண்டாம். கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். நார் முழுதாகக் கிழிந்ததா என்று பார்க்கும் இழுப்புச் சோதனையும் நாலைந்து நாள் கழித்துச் செய்தால்தான் நம்பகமாக இருக்கும். முதல் நாளில் வலியும் இறுக்கமும் உண்மையை மறைத்துவிடும்.

இனி அளவு. அளக்காமல் செய்யும் கைச்சிகிச்சையை இயன்முறை மருத்துவர்களான நாங்கள் சிகிச்சையாகவே கருதுவதில்லை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலால் சுவரைத் தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துங்கள். முழங்கால் தொடும் கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் அளவு. பலருக்கு 10 செ.மீ.யை ஒட்டி வரும். ஆனால் பொதுவான எண்ணைவிட அடிபடாத காலோடு ஒப்பிடுவதுதான் பயன். இரண்டு கால்களுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையில் இரண்டு வகையில் ஏமாந்துபோகலாம். குதிகால் கண்ணுக்குத் தெரியாமல் எழும்பும்: அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் எழுந்துவிட்டது. பாதத்தின் உள்வளைவு சரிந்து முழங்கால் உள்ளே போகும்: முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும்.

எல்லைக்கு வந்ததும் “எங்கே பிடிக்கிறது?” என்று கேளுங்கள். கெண்டைக்கால் சதை இழுக்கிறது என்றால் அந்தச் சதையை நீட்டும் பயிற்சி கொடுக்க வேண்டும். மூட்டின் முன்பக்கம் முட்டுகிறது என்றால்தான் டேலஸைத் தள்ளும் உத்தி பயன்படும். இரண்டு கால்களுக்கும் அளவு சமமாக இருந்து, கணுக்கால் அடிக்கடி பிசகிக்கொண்டே இருந்தால், அது தளர்ந்த மூட்டு. அதை மேலும் அசைத்துக்கொடுப்பதில் பொருளில்லை, பலப்படுத்த வேண்டும். கணுக்கால் என்றாலே இறுகியிருக்கும் என்று நினைத்துக் கைவைப்பது எங்கள் தொழிலிலேயே காணப்படும் பிழை.

படுத்த நிலையில் செய்வது இப்படி. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார், குதிகால் மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும். ஒரு கை கீழ்க்காலைக் கணுக்களுக்குச் சற்று மேலே பின்பக்கமிருந்து தாங்கி அசையாமல் பிடிக்கும். மறு கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோல்மடிப்பு, இரு கணுக்களுக்கும் சற்று முன்னே, டேலஸின் கழுத்தில் பொருந்தும். டேலஸ் எங்கே என்று சந்தேகமிருந்தால் விரலை அங்கே வைத்துப் பாதத்தை உள்ளும் புறமும் லேசாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் ஒரு புடைப்பு எழுந்து மறையும். கை சற்று மேலே போனால் கீழ்க்கால் எலும்பின் விளிம்பில் உட்காரும். அப்போது எதுவும் நகராது. சற்றுக் கீழே போனால் பாதத்தின் நடு எலும்புகள்தான் அசையும். ‘நன்றாக நகர்கிறதே’ என்று சிகிச்சையாளர் ஏமாறுவதும் இங்கேதான். விரல் நுனிகளால் குத்தக் கூடாது. முன்பக்கம் ஓடும் நாண்களும் நரம்பும் நசுங்கும். தோள்பட்டையிலிருந்து விசை வர வேண்டும், முழங்கை நீண்டிருக்க வேண்டும்.

எவ்வளவு அழுத்துவது? ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜெஃப்ரி மெயிட்லேண்ட் வகுத்த நான்கு படிநிலைகள் கைகொடுக்கும். முதல் படி அசைவின் தொடக்கத்திலேயே சின்ன ஆட்டம். இரண்டாவது பெரிய ஆட்டம், ஆனால் தடை தொடங்கும் முன்பே திரும்பிவிடும். மூன்றாவது தடைக்குள் போகும் பெரிய ஆட்டம். நான்காவது தடையின் கடைசியில் சின்ன ஆட்டம். முதல் வாரத்தில் ஒன்றும் இரண்டும் மட்டுமே, பாதம் வலிக்காத நிலையில் இருக்கும்போது. வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகே மூன்றும் நான்கும். நொடிக்கு ஓர் ஆட்டம் என்ற வேகத்தில் ஒரு நிமிடம் செய்து, சற்று ஓய்வுவிட்டு, மூன்று முறை. பழைய இறுக்கத்துக்கு இரண்டு நிமிட அளவில் நான்கு முறை வரை போகலாம். செய்து முடித்ததும் உடனே சுவருக்குப் போய் அளக்க வேண்டும்.

நிற்க முடிந்தவர்களுக்கு, நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் உருவாக்கிய முறைதான் எங்கள் முதல் தேர்வு. இதில் சிகிச்சையாளர் நழுவலைக் கொடுக்கும்போதே நோயாளி தானே அசைவைச் செய்கிறார். நோயாளி தாழ்வான பலகையில் பாதத்தை வைத்து நிற்பார். ஒரு பெல்ட் அவருடைய கீழ்க்காலின் பின்புறம், குதிகால் நாணுக்கு மேலே மெத்தை வைத்துச் சுற்றப்பட்டு, எதிரே இருக்கும் சிகிச்சையாளரின் இடுப்பைச் சுற்றி வரும். சிகிச்சையாளர் இரு கைகளாலும் டேலஸைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் இடுப்பைப் பின்னே சாய்ப்பார். கீழ்க்கால் முன்னே வரும், டேலஸ் பின்னே நிற்கும். அந்தப் பிடியை விடாமல் நோயாளி முழங்காலை விரல்களுக்கு முன்னே கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். பத்துப் பத்தாக மூன்று சுற்று. முழங்கால் முன்னே வர வரக் கீழ்க்கால் சாயும். பெல்ட் அதற்குச் செங்குத்தாகவே இருக்கும்படி சிகிச்சையாளர் தன் உடலை மாற்றிக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலருக்குப் பாதி வழியில் வலிக்கிறது. இந்த முறையில் வலிக்கு இடமே இல்லை. வலித்தால் அழுத்தும் கோணத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம், அப்போதும் வலித்தால் விட்டுவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து முறை முடிப்பதில் ஒரு பலனும் இல்லை.

வீட்டில் செய்ய ஒரு தடித்த ரப்பர் பட்டை போதும். பின்பக்கம் தாழ்வான, ஆடாத ஒன்றில் அதைக் கட்டி, வளையத்தைக் கணுக்காலின் முன்னே மாட்டி, பாதத்தை ஒரு படியில் வைத்து முழங்காலை முன்னே தள்ள வேண்டும். பட்டை கணுக்களுக்குக் கீழே, டேலஸின் மேல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது மேலே ஏறிக் கீழ்க்கால் எலும்பில் உட்கார்ந்துவிடும். அப்போது கீழ்க்கால் பின்னே தள்ளப்படுகிறது; அதாவது டேலஸ் அதற்கு முன்னே வருகிறது. நாம் வேண்டியதற்கு நேர் எதிர். இரண்டு விரல் அகல வித்தியாசம் சிகிச்சையையே தலைகீழாக்கிவிடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா? அளவாக உண்டு. அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் வந்த 41 பேரிடம் செய்து 2001-இல் வெளியான ஆய்வில், ஐஸ், கட்டு, ஓய்வு ஆகியவற்றோடு டேலஸைப் பின்னோக்கி அசைத்தவர்கள் குறைந்த அமர்வுகளிலேயே வலியின்றிப் பாதத்தை முழுதாக மேலே மடக்கினார்கள். 74 பேரிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள், வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நான்காம் வாரத்திலும் ஆறாம் மாதத்திலும் நன்றாக இயங்கினார்கள். ஆனால் மறுபடி சுளுக்குவதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. கைச்சிகிச்சை அசைவைச் சீக்கிரம் மீட்கும், மறுசுளுக்கைத் தடுக்காது. தடுப்பது பயிற்சியும், விளையாடும்போது கணுக்காலைத் தாங்க அணியும் பிரேஸும்தான். பாரமே வைக்க முடியாத கடுமையான சுளுக்குக்கு வேறு கணக்கு: 584 பேரிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், 10 நாள் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டவர்கள் மூன்றாம் மாதத்தில் குழாய்போன்ற மீள்துணிக் கட்டு மட்டும் அணிந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள், ஒன்பதாம் மாதத்தில் எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். ஆகவே கடுமையான சுளுக்குக்கு மருத்துவர் பத்து நாள் மாவுக்கட்டுப் போட்டால் அதைப் பழங்கால முறை என்று தள்ளிவிட வேண்டாம்.

‘டக்’ என்ற சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டைச் சட்டென்று விலக்கும்போது உள்ளே உள்ள திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகும்போது வரும் ஒலி அது. இடம் மாறிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த ஒலி அல்ல. சுளுக்கில் எலும்பு இடம் மாறுவதில்லை. உண்மையிலேயே மாறியிருந்தால் அது மூட்டு விலகல், மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வேகமாக உதறும் உத்தியைப் பயிற்சி பெற்றவர் தேர்ந்த நோயாளிக்குச் செய்யலாம். முதல் வாரத்தில் அதற்குத் தேவையே இல்லை. அல்ட்ராசவுண்ட் கருவியைப் பத்து நிமிடம் தடவிவிடுவதற்கும் அப்படித்தான். புதிய சுளுக்குக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021-இல் திருத்தி வெளியான இயன்முறை மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை ஒற்றைக்காலில் நிற்கச் செலவிட்டால் கால் தேறும்.

முறிவு, மூட்டு விலகல், கிருமித்தொற்று, கெண்டைக்காலில் ரத்தக்கட்டி என்ற சந்தேகம், மிகவும் பலவீனமான எலும்பு, தொட்டாலே தாங்காத வலியோடு தோல் நிறமும் சூடும் மாறியிருப்பது: இவற்றில் எது இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு அழுத்திப் பிசைவது கூடாது. ஆறு வாரத்துக்குப் பிறகும் ஆழத்தில் வலி, மூட்டு சிக்கிக்கொள்வதுபோன்ற உணர்வு இருந்தால் டேலஸின் மேற்பரப்புக் குருத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம். அதைக் கைகளால் தேடிக்கொண்டிருக்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்ப வேண்டும்.

கையால் கிடைத்த சென்டிமீட்டர் அன்றே பயன்படாவிட்டால் பெரும்பாலும் அடுத்த அமர்வுக்குள் போய்விடும். ஆகவே மேசையிலிருந்து இறங்கியதும் சுவர்முன் முழங்காலை வளைத்தல், குதிகால் உயர்த்தி இறக்குதல், ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுதல், ஒற்றைக்காலில் 30 நொடி வீதம் மூன்று முறை நிற்றல். தடுமாறாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மெத்தைமேல். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகும் சுவர் அளவு அசையாவிட்டால் அதே உத்தியைத் தொடர வேண்டாம். கண்டறிதலையே திரும்பப் பார்க்க வேண்டும். 1.5 செ.மீ.க்குக் குறைவான மாற்றத்தை அளவுப் பிழையாகக் கூடக் கருதலாம் என்பதால் அதை முன்னேற்றம் என்று கொண்டாடவும் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது சிறியதுதான். அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். பாதம் கீழ்க்காலுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். ஒரு கை கீழ்க்காலின் பின்னால் தாங்கட்டும், மறு கை டேலஸின் முன்னால் இருக்கட்டும். அம்புக்குறி குதிகால் பக்கம் போகட்டும். படத்தின் கீழே ‘நான்கு அடி வைக்க முடியாதவர்கள் முதலில் எக்ஸ்ரே எடுக்கவும்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்